17-வது மரத்தில் பால் வடிகிறது

ரப்பர் தோட்டம். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் கிடக்கிறது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் மரம் மரமாகப் பால் வெட்டிக்கொண்டு வருகிறார். நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாடா மாதிரி உரித்து எடுக்கிறார். கத்தியை வைத்துச் சரிவாக இழுக்கிறார். சிரட்டையைத் துடைத்துத் திருப்பி வைக்கிறார். அடுத்த மரம். 16 மரம் ஆகிவிட்டது. 17-வது மரத்தில் ஒட்டுப்பாலை உரிக்கக் கையை நீட்டுகிறார். ஒட்டுப்பால் இல்லை. வெட்டு புதிது. பால் வடிந்துகொண்டிருக்கிறது. சிரட்டையில் கால்வாசி நிறைந்திருக்கிறது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த குறும்படத்தின் தொடக்கத்தில் நடப்பது இதுதான். நான் தக்கலையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கூட்டாளிகளில் ஒருவனுடைய அப்பா குலசேகரம் பக்கம் 30 வருடமாகப் பால் வெட்டுகிறார். ஒருநாள் சாயா குடிக்கும்போது அவர் சொன்னார்: “இருட்டுல பாம்பு கிடக்கும், பன்னி வரும், அதெல்லாம் பழகிப்போச்சு மக்களே. நமக்கு முன்ன வேற ஒருத்தன் வந்து வெட்டியிருக்கான்னு கண்டா மட்டும் கால் நகராது.” அந்த ஒரு வார்த்தையில் இருந்துதான் படம் வந்தது.

மார்கழியில் படம் பிடித்தோம். தை கடைசியில் ஊர்ப் படிப்பகத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினோம். முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் 40 விநாடி டிரோன் காட்சி: முக்கடல், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, அப்படியே ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள், பிறகு தோட்டம். பிறகு 17 மரமும் வரிசையாக. 17-வது மரத்தில் அவர் திகைத்து நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழும், கூடவே காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எல்லாரும் துள்ளினார்கள். உடனே சிரித்தார்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் பாதிப் பேர் கையில் போன் இருந்தது. திரையை விட்டு அவர்கள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிந்ததை இன்னும் மறக்கவில்லை.

என் தாய்மாமாவும் வந்திருந்தார். தோவாளைப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் 27 வருடம் குடம் அடித்தவர். படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

“மருமோனே, சத்தம் போட்டா எவனும் துள்ளத்தான் செய்வான். வீட்டுக்குப் பின்னால ஓலைப்படக்கு வெடிச்சாலும் துள்ளுவான். அது பயமா?”

“பின்ன எப்படி மாமா?”

“வருபொருள் சொல்லாம கதையத் தொடங்கிட்ட பாத்துக்கோ.”

வில்லுப்பாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லில் கதை எடுத்த எடுப்பில் தொடங்காது. காப்புப் பாட வேண்டும், பிறகு வருபொருள் உரைக்க வேண்டும், குருவடி பாட வேண்டும், அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் ஆன பிறகுதான் கதைக்குள் போவார்கள். வருபொருள் உரைத்தல் என்றால் இனி என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே பாடிவிடுவது. யாருடைய கதை, யார் யாரைக் கொல்லப் போகிறார்கள், எந்த இடத்தில் எந்தத் தெய்வம் நிலைகொள்ளப் போகிறது என்பதெல்லாம் கேட்கிறவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தும் நள்ளிரவுச் சாமக்கொடை முடியும் வரை ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள்.

மாமாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்கு நீலி கதைதான் ஞாபகம் வந்தது. இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவுக்கு அம்மாவோடு போய் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு கேட்டது. முப்பந்தல் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்போது செட்டியாகப் பிறந்து வழியில் வருகிறான். பழிவாங்க வந்த நீலி ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள். கொப்பு பிள்ளையாகிவிடுகிறது. பிள்ளையும் கையுமாக ஊருக்குள் போய், ‘இவர் என் புருஷன், என்னை வேண்டாம் என்கிறார்’ என்று அழுகிறாள். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். பிள்ளையைக் கீழே விட்டால் அது நேராகச் செட்டி மடியில் போய் ஏறுகிறது. ஊர் நம்பிவிட்டது. அவன் காவலுக்கு வைத்திருந்ததையும் வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

அவள் யார் என்று செட்டிக்குத் தெரியும். நமக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. கதவைச் சாத்துகிற இடம் வரும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் ‘அடைக்காதீங்க’ என்று நிஜமாகவே சொல்லுவார்கள். எத்தனை கொடைக்கு எத்தனை தடவை கேட்ட கதை! அந்த இடத்தில் குடம் நின்றுவிடும். வில்லில் கட்டிய மணி கூட அசையாது. பாட்டு மட்டும் மெள்ள வரும். அந்த நிசப்தத்தைச் செய்தது என் மாமாவின் கை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாசியிலும் பங்குனியிலும் ரப்பர் மரம் இலையை உதிர்த்துத் தளிர்விடும். அந்தச் சமயத்தில் வெட்டு நிறுத்திவிடுவார்கள். படத்தைத் திருத்தி எடுப்பதானால் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் ராத்திரி வேலை முடிந்தபின் பழைய திகில் படங்களின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் தாண்டியதும் நிறுத்திவிடுவேன். நல்ல படம் என்றால் நிறுத்த மனசு வராது. அதையே ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

மாமா சொன்னதையே திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ அவரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அது 1966-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு மேசை உதாரணம் வரும். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவனுக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு இருப்பதையும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் முதலிலேயே காட்டிவிட்டால்? அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடம் நம்மைத் தவிக்க வைக்கும். ‘பேச்சை நிறுத்திட்டு எழுந்து ஓடுங்களேன்’ என்று நாம் உள்ளுக்குள் கத்துவோம். கொடையில் ‘அடைக்காதீங்க’ என்று சொன்ன பெண்களின் குரல்தான் எனக்கு அதில் கேட்டது.

இதை அப்படியே படமாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) ஆரம்பத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட், ஒரு வெட்டுகூடக் கிடையாது. எடுத்த உடனே திரை முழுக்க இரண்டு கைகள், அதில் ஒரு குண்டு. கை அதன் கடிகாரத்தைத் திருகுகிறது. அந்த ஆள் இருட்டில் ஓடி, நிற்கிற ஒரு காரின் டிக்கியில் அதை வைத்துவிட்டு மறைகிறான். ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் சிரித்துக்கொண்டே வந்து காரில் ஏறுகிறார்கள். கார் புறப்படுகிறது. கேமரா கட்டடத்துக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தெருவுக்கு வருகிறது. போலீஸ்காரர் கையைக் காட்டக் கார் நிற்கிறது. தெருவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வருகிறது, கார் மறுபடி நிற்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி அந்தக் காரை ஒட்டியே நடந்து வருகிறது. எல்லைச் சோதனைச்சாவடியில் காரும் ஜோடியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். காரில் இருக்கிற பெண், தன் தலைக்குள் ஏதோ டிக் டிக் என்று கேட்கிறதாகச் சொல்கிறாள். யாரும் காதில் வாங்குவதில்லை. கார் எல்லையைத் தாண்டிப் போகிறது.

இதில் நான் ஒன்றைக் கவனித்தேன். கேமரா மேலே ஏறுகிறதே, அந்த உயரமும் எங்கள் டிரோன் காட்டிய மாதிரி உயரம்தான். ஆனால் அங்கே உயரத்திலிருந்து பார்க்கும்போது டிக்கியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும். எங்கள் 40 விநாடியில் கடல் இருந்தது, சிலை இருந்தது, குண்டு இல்லை. குமரி மாவட்டத்தில் யார் எதை எடுத்தாலும் முக்கடலை மேலிருந்து காட்டித்தான் தொடங்குகிறார்கள். அழகுதான், நானே ஆயிரம் கல்யாண வீடியோவில் அதைப் போட்டிருக்கிறேன். பயமுறுத்த வந்த படத்துக்கு அது உதவாது. அந்த 40 விநாடியை அன்று ராத்திரியே வெட்டி எறிந்தேன்.

இந்த ஷாட்டுக்குப் பின்னால் ஒரு வேதனையான கதை இருக்கிறது. ஸ்டுடியோ அதன்மேல் பெயர்ப் பட்டியலை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுவிட்டது. வெல்ஸ் படத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று 58 பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதைப் பின்பற்றி எடிட்டர் வால்டர் மர்ச் 1998-இல் படத்தைத் திரும்ப எடிட் செய்தபோதுதான் பெயர்களை எடுத்துவிட்டு, தெருச் சத்தத்தையும் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வருகிற பாட்டையும் கேட்க வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இசை போட்டதில் நாம் இசையைக் கேட்கிறோம். மற்றதில் அந்தக் கார் எங்கே போயிற்று, இப்போது பக்கத்தில் வந்துவிட்டதா என்று காதால் தேடுகிறோம். குடம் நிற்கிற இடம் அது.

‘அந்த நாள்’ (1954) படத்தைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. இயக்கிய எஸ். பாலசந்தர் வீணை வித்வான். ஆனால் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, அந்தக் காலத்தில்! தொடங்கும்போதே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். ஊரே அவரைப் பார்க்க வந்திருக்க, முதல் நிமிடத்தில் கதாநாயகன் செத்துப்போனான்.

இங்கே ஒரு கேள்வி வரும். கொன்றது யார் என்பதை மறைக்கிறதே, அது வருபொருள் உரைத்ததாகுமா என்று. என் கூட்டாளிகள் இதை வைத்துத்தான் என்னோடு சண்டை போட்டார்கள். நான் இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். படம் மறைப்பது ஒரே ஒரு பெயரைத்தான். மற்றபடி பெரிய சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறது: இந்த மனிதன் சாகப்போகிறான். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தங்கள் நினைவிலிருந்து அவனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் சிரித்தாலும் கோபப்பட்டாலும் அந்தத் துப்பாக்கிச் சத்தம் நம் காதில் இருந்துகொண்டே இருக்கிறது. எதிரே நிற்கிற ஒவ்வொருவர் கையையும் நாம் பார்க்கிறோம். யார் என்கிற கேள்வி மட்டும் இருந்து, சாவு கடைசியில் வந்திருந்தால், முதல் ஒரு மணி நேரம் அது ஒரு குடும்பக் கதை.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) வேறு வழியில் போகிறது. திரையில் ஊர்ப்பெயர், கிழமை, தேதி, பிற்பகல் 2.43 என்று நேரம் வரைக்கும் எழுதிக் காட்டுகிறார்கள். அந்த 43-ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டே முக்கால் என்று சொல்லியிருக்கலாம். 2.43 என்று சொன்னதும் யாரோ இதை எழுதி வைத்திருக்கிறார்கள், நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. பிறகு கேமரா நகரத்தின் மேலே நகர்ந்து, ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, பாதி திறந்த திரைக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விடுகிறது. நாம் ஒளிந்து பார்க்கிறவர்கள் ஆகிவிட்டோம். சற்று நேரத்தில், அந்த அறைக்குள் நாம் பார்த்த பெண் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் போகும்போது, போலீஸ்காரர் பின்தொடர்ந்தால் நமக்கு வியர்க்கிறது. திருட்டுக்கு நாமும் உடந்தை. படம் தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கட்டாயப்படுத்தினார். நம் ஊரில் பத்து நிமிடம் கழித்து டார்ச் அடித்துக்கொண்டு சீட் தேடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். ஒருவர் மாதக்கணக்கில் யோசித்துச் செய்த பத்து நிமிடம் அது.

‘ஜாஸ்’ (1975) படத்தை முட்டத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் பார்த்தேன். அவன் கடலுக்குப் போகிறவன். ராத்திரியில் ஒரு பெண் தனியாக நீந்துகிறாள், கேமரா தண்ணீருக்கு அடியிலிருந்து அவளைப் பார்க்கிறது. இரண்டே சுரம் மாறி மாறி வருகிறது. சுறாவைக் காட்டுவதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை முழுசாகக் காட்டவில்லை. உப்புத் தண்ணீரில் அந்த இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதும் அதற்கு ஒரு காரணம். சிநேகிதன் சொன்னான், “கீழ என்ன கெடக்குன்னு தெரியாதது பெரிசில்ல. கீழ கெடக்கது நம்மளப் பாக்குன்னு தோணும் பாரு, அப்ப வள்ளத்துல காலை மடக்கி வச்சுருவோம்.” இதற்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வருகிற படங்களில் எனக்குக் குறை ஒன்று உண்டு. கடைசிக் காட்சியில் ஒரு துண்டை எடுத்து முன்னால் ஒட்டிவிட்டு, ‘ஆறு மாதங்களுக்கு முன்’ என்று போடுவது. ரத்தம், ஓட்டம், ஒரு கத்தல், உடனே பழைய கதை. வருபொருள் சொன்ன மாதிரி தோன்றும், ஆனால் சொல்லவில்லை. யார் ஓடுகிறார், எதற்கு என்று தெரியாதபோது நமக்குக் கவலைப்பட ஆள் இல்லை. ‘த்ருஷ்யம்’ (2013) கூட முன்னும் பின்னுமாகத்தான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் மலையாளப் படத்தை மொழி பார்க்காமல் பார்ப்போம், நான் அதைப் பாறசாலைப் பக்கம் போய்ப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய ஒரு போலீஸ் ஸ்டேஷனில் மோகன்லால் சும்மா உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. இந்த அமைதியான மனிதனுக்கு இங்கே என்ன வேலை என்று மட்டும் ஒரு முடிச்சு விழும். அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முடிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காக நிறுத்திக்கொள்கிறேன்.

சித்திரையில் இரண்டு கோடைமழை விழுந்த பிறகு மறுபடி தோட்டத்துக்குப் போனோம். இந்த முறை என் கையில் எழுதிவைத்தது ஒரு வரிதான்: ‘17-வது மரத்தை அவருக்கு முன்னால் நமக்குக் காட்டு.’

இப்போது படம் இருட்டில் தொடங்குகிறது. கத்தி பட்டையில் இழுபடுகிற சத்தம் மட்டும். ஒரு காசின் தடிமன்கூட இல்லாமல் பட்டை சுருண்டு விழுகிறது. வெட்டின கோட்டில் முதலில் ஊசிமுனை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் எழும்பும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, சரிவில் இறங்கி, தகர மூக்கு வழியாகச் சிரட்டையில் சொட்டும். அதை நாங்கள் அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பிடித்தோம். திரையில் பால் தவிர ஒன்றும் தெரியாது. வெட்டுகிற கையும் நெற்றி வெளிச்சமும் மெள்ள விலகுகின்றன. மரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் 17 என்று எழுதியிருப்பது தெரிகிறது. வெளிச்சம் அணைகிறது.

அதற்குப் பிறகுதான் தூரத்தில், தோட்டத்தின் அந்த எல்லையில், இன்னொரு வெளிச்சம் முதல் மரத்துக்கு வருகிறது. நம் ஆள் வந்துவிட்டார். கொட்டாவி விடுகிறார், வெற்றிலையைத் துப்புகிறார், வெட்டத் தொடங்குகிறார். மரத்தில் எண் 1. பிறகு 2. முந்தின படத்தில் மக்கள் சலித்துப்போன அதே வேலைதான், அதே ஒட்டுப்பால், அதே சிரட்டை. 9 வரும்போது அவர் நிமிர்ந்து முதுகை நெளிக்கிறார். அவருக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் எரிந்து அணைகிறது. அவர் பார்க்கவில்லை. 13-இல் இன்னொரு தடவை. இசை என்று ஒன்றுமே கிடையாது. நிஜத்தில் தோட்டத்தில் எப்போதும் கேட்கிற சில்வண்டுச் சத்தத்தை வைத்திருந்தோம். 16-வது மரத்தில் அதையும் நிறுத்திவிட்டேன்.

படிப்பகத்தில் மறுபடி காட்டத் துணிவில்லை. வீட்டுக் கூடத்தில் டிவியில் போட்டேன். அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள், மாமா. அம்மா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டுதான் பார்த்தாள். 9-வது மரத்தில் வெளிச்சம் எரிந்ததும் முறம் நின்றது. 14-வது மரம் வரும்போது அம்மா டிவியைப் பார்த்து, “எய்யா, திரும்பிப் பாருய்யா, போவாத” என்றாள். பெரிய மருமகன் அக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். தோளில் கை விழுகிற காட்சியை நான் எடுத்துவிட்டிருந்தேன். 17-வது மரத்தில் அவர் கையை நீட்டி, ஒட்டுப்பால் இல்லாத இடத்தில் விரலை வைக்கிறார். விரலில் பால் ஒட்டுகிறது. அவ்வளவோடு தலைப்பு வருகிறது.

மாமா கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், “இன்னொரு மட்டம் போடு” என்றார். போட்டேன். 13-வது மரம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“இந்த ரெண்டாவது வெளிச்சம் எதுக்கு?”

“ஞாபகப்படுத்த மாமா. மறந்திருவாங்கல்லா.”

“ஒங்கம்மா மறந்தாளா? மொதத் தடவையிலயே மொறம் நின்னுட்டு. அவன் இருக்கான்னு நாங்க நெனச்சுக்கிட்டே இருக்கோம். நீ ரெண்டாவதா காட்டினதும், ஓ, அங்கதான் நிக்கான், கிட்ட வரலன்னு ஒரு நிம்மதி வந்துட்டு. எங்க இருக்கான்னு எங்களுக்கே தெரியப்பிடாது.”

சோறு உண்டுவிட்டு அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த 13-வது மரத்து வெளிச்சத்தை எடுத்தேன். அது போனதும் 10-இலிருந்து 16 வரை ஏழு மரமும் வெறும் இருட்டும் கத்திச் சத்தமும்தான். நீளமாக இருக்குமோ என்று பயந்து 11-ஐயும் 12-ஐயும் வெட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை, திரும்ப ஒட்டினேன். இப்போது தொடக்கம் 3 நிமிடம் 10 விநாடி ஓடுகிறது. வைகாசியில் படிப்பகத்தில் போடலாம் என்று இருக்கிறோம்.